ரிப்பேருக்கு முன் ஒரு நகல்: லினக்ஸ் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் பயனர் குழுக்களை நடத்தும் நண்பர்களுக்கும், கல்லூரி லேப்பிலும் சின்ன ஆபீஸ்களிலும் சர்வர் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். அடுத்த முறை ஒரு டிஸ்க் மவுண்ட் ஆகாமல் (சிஸ்டத்தோடு இணையாமல்) நின்று, எஃப்எஸ்சிகே-வை, அதாவது ஃபைல்சிஸ்டம் என்னும் கோப்பு அடுக்குமுறையைச் சோதித்துப் பழுதுநீக்கும் கருவியை, கையால் ஓட்டச் சொல்லித் திரையில் செய்தி வந்தால், -ஒய் போட்டு எண்டர் தட்டுவதற்கு முன்பு அந்த டிஸ்க்கின் உடைந்த நிலையை ஒரு நகல் எடுத்து வையுங்கள். டிஸ்க் முழுவதையும் எடுக்க வேண்டாம், மெட்டாடேட்டா, அதாவது கோப்புகளின் பெயர், இடம் போன்ற குறிப்புகள், மட்டும் போதும். உங்கள் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான், ஆனால் ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அவசர நேரத்தில் உங்களுக்கு இது நினைவில் நிற்கும்.

லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டம் போட்ட பார்ட்டிஷன் ஒன்று கெட்டுப்போனால் நம்மூரில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் போய் வந்திருக்கும், யுபிஎஸ் பேட்டரி வயதாகியிருக்கும், அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கின் கேபிளை யாரோ இழுத்திருப்பார்கள். அவசரத்தில் நெட்டில் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் இ2எஃப்எஸ்சிகே -ஒய் (இ2எஃப்எஸ்சிகே என்பது எக்ஸ்ட் வகைகளுக்கான எஃப்எஸ்சிகே). அதாவது, கருவி கேட்கும் எல்லாக் கேள்விக்கும் "ஆமாம், சரிசெய்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. பெரும்பாலும் அது நன்றாகவே வேலை செய்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. சிக்கல் எப்போது என்றால், அந்தக் கருவியே நடுவழியில் விழுந்துவிடும்போது. சிக்னல் 11, செக்மென்டேஷன் ஃபால்ட், கீழே புரியாத முகவரிகளாக நாலு வரி. அல்லது விழாமல் ஓடி முடித்து, திரும்ப ஓட்டினால் அதே பிழையை மறுபடி "சரிசெய்து", மூன்றாம் தடவையும் அதையே செய்துகொண்டிருக்கும்போது.

அந்த நேரத்தில் நம் ஆட்கள் செய்வது என்ன? இன்னொரு தடவை ஓட்டுவார்கள். அப்புறம் 32768-ஆம் பிளாக்கில் இருக்கும் மாற்று சூப்பர்பிளாக்கை (ஃபைல்சிஸ்டத்தின் தலைமைக் குறிப்பின் உபரி நகல்) கொடுத்து ஓட்டுவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபார்மேட் செய்து, பேக்கப்பிலிருந்து ஏற்றிவிட்டு, "டிஸ்க் போயிடுச்சு சார்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஆபீஸ் எழுந்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தக் கருவியில் இருந்த பிழை அப்படியே இருக்கிறது, அது இருந்ததற்கான ஒரே ஆதாரத்தை நாமே அழித்துவிட்டோம். அடுத்த மாதம் வேறொரு ஊரில் வேறொருவருக்கு அதே இடத்தில் அதே கருவி விழும், அவரும் ஃபார்மேட் செய்வார். ஒரு தடவை இல்லை, பல ஆபீஸ்களில் இதைப் பார்த்துவிட்டேன், பார்க்கும்போதெல்லாம் மனது கிடந்து அடித்துக்கொள்கிறது.

சாதாரண புரோகிராம்களின் பிழையிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு பிரவுசர் விழுந்தால் அதே பக்கத்தை மறுபடி திறந்து மறுபடி விழவைக்கலாம். பழுதுநீக்கும் கருவிக்கு உள்ளீடு என்பதே உங்கள் டிஸ்க்தான், அது ஓட ஓட அந்த உள்ளீட்டை மாற்றிக்கொண்டே போகிறது. ஐந்து கட்டங்களாக ஓடும் இ2எஃப்எஸ்சிகே, முதல் கட்டத்தில் ஐநோடுகளையும் (ஒவ்வொரு கோப்புக்குமான குறிப்புப் பதிவு) பிளாக்குகளையும் பார்த்துத் திருத்தியிருக்கும், இரண்டில் டைரக்டரிகளைத் தொட்டிருக்கும், மூன்றில் வந்து விழுந்திருக்கும். இப்போது டிஸ்க்கில் இருப்பது கரண்ட் போனபோது இருந்த நிலையும் இல்லை, சரிசெய்த நிலையும் இல்லை. எலும்பு முறிந்தவருக்கு எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போட்டால், கட்டு சரியாக உட்காராதபோது பழைய முறிவு எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கேயும் அதுதான் கதை.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. எக்ஸ்ட்4-இல் கெர்னல் (லினக்ஸின் மைய நிரல்) ஒரு கோளாறைக் கண்டுபிடித்தால் அதைச் சூப்பர்பிளாக்கிலேயே குறித்து வைக்கும். முதல் பிழை எப்போது வந்தது, கெர்னலின் எந்த ஃபங்ஷனில், எந்த வரியில், எந்த ஐநோடு சம்பந்தப்பட்டது, கடைசிப் பிழை எது, மொத்தம் எத்தனை என்று எல்லாமே அங்கே இருக்கும். டியூன்2எஃப்எஸ்-ஐ -எல் போட்டு ஓட்டினால் கண்ணால் பார்க்கலாம். கெர்னல் லாக்கில் "கடைசி எஃப்எஸ்சிகே-க்குப் பிறகு இத்தனை பிழைகள்" என்று நாளுக்கொரு தடவை ஒரு வரி வருமே, அந்தக் கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. சோதனை முழுதாக முடிந்ததும் எஃப்எஸ்சிகே இந்தக் குறிப்புகளைத் துடைத்துவிடும், அது அதன் வேலை. நாம் முன்னாடியே எடுத்து வைக்காவிட்டால் எப்போது, எங்கே தொடங்கியது என்ற தகவலும் கையை விட்டுப் போய்விடுகிறது. சில இடங்களில் பூட் ஆகும்போதே எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லும்படி அமைத்து வைத்திருக்கிறார்கள். பழைய டெபியன், உபுண்டுவில் எஃப்எஸ்சிகேஃபிக்ஸ் என்ற அமைப்பு, இப்போது சிஸ்டம்டி-யில் கெர்னல் வரியில் கொடுக்கும் எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ். ஆளே இல்லாத இடத்தில் கிடக்கும் பெட்டிக்கு அது தேவையாக இருக்கலாம். முக்கியமான தரவு உள்ள சர்வரில் தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள், மனிதர் ஒருவர் பார்க்கும் முன்பே ஆதாரம் போய்விடும்.

கருவியில் பிழை இருக்கும் என்று நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2019-இல் சிஸ்கோ டேலோஸ் ஆய்வாளர்கள் இ2எஃப்எஸ்சிகே-யில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று கோட்டா (பயனருக்கான இட வரம்பு) கோப்பைப் படிக்கும் இடத்தில், சிவிஇ-2019-5094 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பதிவு எண்). இன்னொன்று டைரக்டரிகளை மறுபடி ஹேஷ் (பெயரிலிருந்து கணக்கிடும் எண்) செய்து அடுக்கும் இடத்தில், சிவிஇ-2019-5188. இரண்டுமே, வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட ஃபைல்சிஸ்டத்தைக் கொடுத்தால் கருவி தனக்கு ஒதுக்கிய நினைவகத்துக்கு வெளியே எழுதிவிடும் வகை. 1.45.4, 1.45.5 பதிப்புகளில் திருத்தினார்கள். விண்டோஸ் பக்கமும் இதே பாடுதான். 2020 டிசம்பரில் வந்த கேபி4592438 அப்டேட்டுக்குப் பிறகு, சில விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் செக்டிஸ்க் /எஃப் ஓட்டினால் அதுவே ஃபைல்சிஸ்டத்தைக் கெடுத்து, பூட் ஆகாமல் செய்தது. மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு திருத்தியது.

ஆனால் நான் உங்களிடம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்புவது 2022-இல் வெளிவந்த சிவிஇ-2022-1304 பற்றி. ஏனென்றால், ஒரு பிழைத்திருத்தம் உண்மையில் எவ்வளவு சின்னது, அதற்கு எவ்வளவு குறிப்பான ஒரு உடைந்த டிஸ்க் தேவைப்படுகிறது என்பது இதில் நன்றாகத் தெரிகிறது.

எக்ஸ்ட்4, ஒரு கோப்பின் தரவு எந்தெந்த பிளாக்குகளில் கிடக்கிறது என்பதை எக்ஸ்டென்ட் மரமாக வைத்திருக்கிறது. மரத்தின் ஒவ்வொரு கணுவிலும் தலைப்பு ஒன்று, அதில் "என்னிடம் இத்தனை பதிவுகள்" என்ற எண். பதிவு ஒன்றுக்கு 12 பைட். மரத்தில் நடந்துபோகும் நிரல், ஒரு கணுவுக்குள் நுழைந்ததும் முதல் பதிவில் நின்றுகொண்டு, "இன்னும் மீதி எத்தனை" என்பதற்கு மொத்தத்திலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளும். இயல்பான மரத்தில் இலைக் கணு (கிளையின் கடைசிக் கணு) காலியாக இருக்காது, அதனால் இந்தக் கணக்கு சரியாகவே வரும். டிஸ்க் கெட்டுப்போய் ஒரு இலையில் பதிவு எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று இருந்தால்? மீதி, மைனஸ் ஒன்று. பின்னால் ஒரு பதிவை நீக்க வேண்டி வரும்போது, மீதமுள்ளவற்றை இடம் நகர்த்த மெம்மூவ் (நினைவகத்தில் பைட்டுகளை நகர்த்தும் ஃபங்ஷன்) அழைக்கப்படும், எத்தனை பைட் என்றால் மைனஸ் ஒன்றை 12-ஆல் பெருக்கிய எண். மெம்மூவுக்கு மைனஸ் என்பதே தெரியாது. அது அந்த எண்ணை நினைத்துப் பார்க்க முடியாத பெரிய எண்ணாக எடுத்துக்கொண்டு நினைவகத்தை வாரிப்போட ஆரம்பிக்கும், கருவி அங்கேயே விழும்.

திருத்தம் என்ன தெரியுமா? காலியான இலையைச் சந்தித்தால் உள்ளே போகாதே, நகர்த்துவதற்கு முன் மீதி எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் "இந்த இலை கெட்டது" என்று பிழை சொல்லித் திரும்பு. சில வரிகள்தான். அதை எழுத யாருக்கும் நாள்கணக்கில் ஆகியிருக்காது. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் இந்த இரண்டு இடத்தைக் காட்டிக்கொடுத்தது அப்படியொரு காலி இலையைக் கொண்ட ஒரு இமேஜ் (டிஸ்க்கின் நகல் கோப்பு). அது கையில் இல்லாமல் "எனக்கு எஃப்எஸ்சிகே விழுந்துவிட்டது" என்று மட்டும் சொல்லியிருந்தால், கேட்பவர் தலையை ஆட்டிவிட்டுப் போவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? அந்தத் திருத்தம் பிறகு 1.46.6 பதிப்போடு வந்தது.

திருத்தியதோடு அங்கே வேலை முடிவதில்லை. இ2எஃப்எஸ்சிகே இருக்கும் இ2எஃப்எஸ்புரோக்ஸ் தொகுப்பின் மூல நிரலை இறக்கி, டெஸ்ட்ஸ் என்ற டைரக்டரியைத் திறந்து பாருங்கள். எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன டைரக்டரிகள், பெரும்பாலானவற்றில் சுருக்கி வைத்த ஒரு குட்டி இமேஜ், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடைந்தது. ஒரே பிளாக்கை இரண்டு கோப்புகள் தன்னுடையது என்று சொல்லும் இமேஜ், லாஸ்ட்+ஃபவுண்டே (இடம் தெரியாத கோப்புகளைப் போடும் டைரக்டரி) கெட்டுப்போன இமேஜ், ஜர்னல் (மாற்றங்களின் முன்குறிப்பு) கெட்டது, கோட்டா கெட்டது என்று. கூடவே இரண்டு கோப்புகள் இருக்கும், எக்ஸ்பெக்ட்.1, எக்ஸ்பெக்ட்.2. முதல் ஓட்டத்தில் கருவி என்னென்ன சொல்லி, எதையெதைத் திருத்தி, எந்த எண்ணோடு முடிய வேண்டும் என்பது முதல் கோப்பு. அதே இமேஜின் மேல் உடனே இரண்டாம் தடவை ஓட்டினால் என்ன வர வேண்டும் என்பது இரண்டாவது. பெரும்பாலான சோதனைகளில் முதல் ஓட்டம் 1 என்ற எண்ணோடு முடியும், அதாவது பிழைகள் இருந்தன, திருத்திவிட்டேன். இரண்டாவது 0, திருத்த எதுவும் இல்லை.

இந்த இரண்டாம் ஓட்டம் எவ்வளவு நல்ல யோசனை என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம். பழுதுநீக்கும் கருவி ஒழுங்காக வேலை செய்ததற்கு அதுவே சொல்லும் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்வதில்லை, மறுபடி சோதித்துச் சுத்தமாக வந்தால்தான் ஏற்பு. நீங்களும் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். எஃப்எஸ்சிகே முடிந்து 1 என்று வந்தால் உடனே மவுண்ட் செய்யாமல், -எஃப் போட்டு இன்னொரு தடவை ஓட்டுங்கள். அப்போதும் ஏதாவது திருத்துகிறது என்றால், ஒன்று உங்கள் ஹார்ட்வேரில் கோளாறு, இல்லை கருவியில் பிழை. 4 என்று வந்தால் திருத்தாமல் விட்டது இருக்கிறது, 8 என்றால் ஓட்டுவதிலேயே பிரச்சினை. இந்த எண்களை யாரும் பார்ப்பதே இல்லை, ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள்கூட.

சரி, நகல் எடுப்பது எப்படி. எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றுக்கும் இ2இமேஜ் என்ற கருவி இ2எஃப்எஸ்புரோக்ஸோடு கூடவே வருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் இருக்கும்போது -ஆர் போட்டு, சாதனத்தின் பெயரும் வெளியீட்டுக் கோப்பின் பெயரும் கொடுத்தால் மெட்டாடேட்டா மட்டும் உள்ள ஒரு இமேஜ் கிடைக்கும். வெளியீடு வேறு டிஸ்க்கில் போக வேண்டும், இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். 4 டிபி டிஸ்க் என்றால் அந்தக் கோப்பும் 4 டிபி என்றே காட்டும், பயந்துவிடாதீர்கள். இடையில் பெரும்பகுதி வெற்றிடம்தான், உண்மையில் பிடிக்கும் இடம் அதில் ஒரு சிறு பகுதி. பிஜிப்2 வழியாக நேராக அனுப்பிச் சுருக்கிக்கொண்டால் இன்னும் நல்லது. கோப்புகளின் உள்ளடக்கம் அதில் போகாது. ஆனால் எஃப்எஸ்சிகே-யும் டீபக்எஃப்எஸ்-உம் (ஃபைல்சிஸ்டத்தின் உள்ளே பார்த்து மாற்ற உதவும் கருவி) அதை நிஜ டிஸ்க் போலவே நினைத்து ஓடும், ஏனென்றால் அவற்றுக்குத் தேவையானது மெட்டாடேட்டா மட்டும்தான்.

உள்ளடக்கம் போகாவிட்டாலும் கோப்புப் பெயர்கள் போகும். நோயாளி பெயரிலோ வாடிக்கையாளர் பெயரிலோ கோப்பு வைக்கும் இடமாக இருந்தால் இது முக்கியம். அதற்கு -எஸ் இருக்கிறது, டைரக்டரியில் உள்ள பெயர்களைக் குழப்பிவிடும், டைரக்டரி பிளாக்கில் பயன்படாமல் கிடக்கும் பகுதியையும் பூஜ்ஜியமாக்கும். இதிலும் ஒரு விலை உண்டு. பெயர் மாறினால் ஹேஷ் மாறும், ஆகவே ஹேஷ் மரமாக அடுக்கிய பெரிய டைரக்டரிகளில் உள்ள கோளாறை அந்த இமேஜை வைத்து ஆராய முடியாது. மேலே சொன்ன 5188 போன்ற டைரக்டரி ஹேஷ் பிழை என்றால் -எஸ் போட்ட நகல் உதவாமல் போகலாம். அப்புறம், 60 பைட்டுக்குக் குறைவான சிம்லிங்க்கின் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) முகவரி ஐநோடுக்குள்ளேயே இருப்பதால் அது மெட்டாடேட்டாவோடு சேர்ந்தே போகும். என்னுடைய யோசனை, குழப்பாத நகல் ஒன்றை உங்களிடமே பத்திரமாக வைத்துக்கொண்டு, வெளியே கொடுக்கக் குழப்பிய நகலை எடுங்கள். மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் எதையும் வெளியே அனுப்பாதீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல்சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்எஃப்எஸ் மெட்டாடம்ப் இருக்கிறது, அது கேட்காமலேயே பெயர்களை மறைத்துவிடும். அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ரிப்பேர் கருவியின் -எல் விருப்பம் (பெரிய எழுத்து எல்). எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் கருவி, லாக்கில் (அதன் ஜர்னலில்) இன்னும் உரிய இடத்தில் எழுதப்படாத மாற்றங்கள் இருந்தால் வேலை செய்ய மறுத்து, முதலில் மவுண்ட் செய்து பாருங்கள், முடியாவிட்டால் மட்டும் -எல் போட்டு லாக்கை அழியுங்கள் என்று தெளிவாகச் சொல்கிறது. நம் ஆட்கள் அந்தச் செய்தியின் கடைசி வரியை மட்டும் படிக்கிறார்கள். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல்சிஸ்டத்தில் சோதனை என்றால் வெறும் படிப்புதான், ரிப்பேர் என்று தனியாகச் சொன்னால், அனுபவசாலி யாரும் சொல்லாமல் இதை ஓட்டாதே என்று எச்சரித்து 10 வினாடி காத்திருக்கும். அந்த 10 வினாடி வீணாக வைத்ததில்லை. அதற்கும் பிடிஆர்எஃப்எஸ்-இமேஜ் என்ற நகல் கருவி உண்டு.

டிஸ்க்கே சத்தம் போட்டுக்கொண்டு சாகிற நிலையில் இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து இன்னொரு டிஸ்க்குக்கு முழுதாக நகலெடுங்கள், பிறகு அந்த நகலில் விளையாடுங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டுவது அதை இன்னும் வேகமாகக் கொல்லும் வேலை.

நகல் கையில் வந்ததும் நிம்மதியாக யோசிக்கலாம். அதிலிருந்து இன்னொரு நகல் போட்டு, அதன்மேல் எஃப்எஸ்சிகே-வை ஓட்டுங்கள். விழுகிறதா? வேறு கம்ப்யூட்டரில் இன்னொரு நகலின் மேல் ஓட்டுங்கள். இரண்டிலும் அதே ஐநோடு, அதே கட்டம், அதே இடத்தில் விழுந்தால் அது கருவியின் பிழை, சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக நடந்தால் ரேமைச் சோதியுங்கள். கெர்னல் "கில்டு" என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருந்தால் அது நினைவகம் போதாமல் நடந்தது, பெரிய டிஸ்க்கைச் சின்னப் பெட்டியில் சோதிக்கும்போது வரும். இ2எஃப்எஸ்சிகே-யின் கான்ஃப் கோப்பில் ஸ்கிராட்ச் ஃபைல்ஸ் பகுதியில் ஒரு டைரக்டரியைக் காட்டினால் ரேமுக்குப் பதில் அங்கே எழுதிக்கொண்டு மெதுவாக முடிக்கும். இந்த இடத்தில் பலர் என்னிடம் கேட்பது, "டிஸ்க் கெட்டது கரண்ட் போனதால்தானே, அப்புறம் கருவியை ஏன் குறை சொல்வது?" டிஸ்க்கைக் கெடுத்தது எதுவாகவும் இருக்கட்டும். எவ்வளவு கேவலமாகக் கெட்ட டிஸ்க்கைக் கொடுத்தாலும் "என்னால் முடியவில்லை" என்று ஒழுங்காகச் சொல்லி வெளியேறுவதுதான் பழுதுநீக்கும் கருவியின் கடமை. விழுந்தால் அது பிழை.

புகார் செய்யும் முன் புதிய பதிப்பில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் குழுக்கள் கையில் வைத்திருக்கும் ரெஸ்க்யூ பென்டிரைவ்கள். இன்ஸ்டால் திருவிழாவில் எப்போதோ எழுதியது, அதையே எல்லா ரிப்பேருக்கும் எடுத்துப்போகிறோம். டிஸ்க்கில் இருக்கும் சிஸ்டத்தை ஒழுங்காக அப்டேட் செய்திருந்தாலும், அது எழாதபோது ஓடப்போவது பென்டிரைவில் இருக்கும் பழைய எஃப்எஸ்சிகே. மேலே சொன்ன ஓட்டைகள் திருத்தப்பட்டு வருடங்கள் ஆனாலும் அந்தப் பென்டிரைவுக்குள் அவை உயிரோடுதான் இருக்கின்றன. வேறொரு தொல்லையும் உண்டு. 2023-இல் வந்த 1.47.0 பதிப்பு, புதிதாக உருவாக்கும் ஃபைல்சிஸ்டங்களில் ஆர்ஃபன் ஃபைல் என்ற வசதியை இயல்பாகவே போட ஆரம்பித்தது. அப்படிப்பட்ட டிஸ்க்கைப் பழைய 1.46.5-இல் சோதித்தால் "ஃபீச்சர்_சி12 எனக்குத் தெரியாது, புதிய இ2எஃப்எஸ்சிகே வாங்கி வா" என்று நின்றுவிடும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது. இதைப் பார்த்துவிட்டு ஃபார்மேட் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

புதிய பதிப்பை நிறுவக்கூடத் தேவையில்லை. மூல நிரலை இறக்கி, கான்ஃபிகர், மேக் இரண்டையும் ஓட்டினால் அந்த டைரக்டரிக்குள்ளேயே இ2எஃப்எஸ்சிகே உருவாகிவிடும், அதை உங்கள் நகலின் மேல் ஓட்டுங்கள். சிஸ்டத்தில் இருக்கும் கருவியைத் தொடவே வேண்டாம்.

"சார், சர்வர் நின்னுடுச்சு, மேனேஜர் தலைமேல நிக்கிறார், இதுக்கெல்லாம் நேரம் ஏது" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். அப்படிப்பட்ட நேரத்துக்கு -இசட் இருக்கிறது. எஃப்எஸ்சிகே ஓட்டும்போது -இசட் போட்டு வேறொரு டிஸ்க்கில் ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால், எந்த பிளாக்கை மாற்றுவதற்கு முன்பும் அதன் பழைய உள்ளடக்கத்தை அங்கே எழுதிவைத்துவிட்டுத்தான் மாற்றும். பிறகு இ2அன்டூ அந்தக் கோப்பை வைத்து டிஸ்க்கைப் பழைய நிலைக்கே கொண்டுபோகும். ஓட்டுகிற நேரத்தில் கரண்ட் போனால் அந்தக் கோப்பை நம்ப முடியாது என்று கையேடே எச்சரிக்கிறது, அதனால் இது முழு நகலுக்கு ஈடாகாது. இருந்தாலும் ஒரு எழுத்தும் ஒரு கோப்புப் பெயரும் கூடுதலாக அடிப்பதற்கு மேனேஜர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இதையும்கூட நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

இமேஜை எந்த வடிவத்திலும் வெளியே கொடுக்க முடியாத இடங்கள் இருக்கும். வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம். அங்கேயும் கதவு மூடிவிடவில்லை. உங்கள் நகலில் கருவி எந்த ஐநோடில் விழுகிறது என்று கண்டுபிடித்து, டீபக்எஃப்எஸ் கொண்டு அந்த ஐநோடு எப்படிக் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஒரு காலிக் கோப்பில் 1 எம்பி அளவுக்குக் குட்டி ஃபைல்சிஸ்டம் ஒன்றை உருவாக்கி, அதில் ஒன்றிரண்டு கோப்புகள் போட்டு, டீபக்எஃப்எஸ்-ஐ எழுதும் அனுமதியோடு திறந்து அதே புலத்தை அதே மாதிரி கெடுத்துவிடுங்கள். சாதாரணமாக முதல் 11 ஐநோடுகள் ஒதுக்கீட்டில் போய்விடும், 11-ஆவது லாஸ்ட்+ஃபவுண்ட், உங்கள் முதல் கோப்பு 12-இல் உட்காரும். கருவி இந்தக் குட்டி இமேஜிலும் விழுந்தால் வேலை முடிந்தது. யாருடைய தரவும் அதில் இல்லை, பெயர்களும் இல்லை. டெவலப்பர்களுக்கும் இதுவே அதிகம் பிடிக்கும், ஏனென்றால் டெஸ்ட்ஸ் டைரக்டரிக்குள் அப்படியே தூக்கிப் போடலாம். 4 டிபி டிஸ்க்கிலிருந்து எடுத்த இமேஜை அங்கே போட முடியாது.

கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. ஃபைல்சிஸ்டம் பாடத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே, ஐநோடு, சூப்பர்பிளாக், ஜர்னல் என்று. ஒரு மதியம் உட்கார்ந்து ஒரு ஐநோடின் லிங்க் எண்ணிக்கையை டீபக்எஃப்எஸ்-இல் மாற்றிவிட்டு, நான்காம் கட்டத்தில் எஃப்எஸ்சிகே அதைப் பிடிப்பதைக் கண்ணால் பார்த்தால் அந்தப் பாடம் வாழ்நாளுக்கும் மறக்காது.

கடைசியாக, மொழி. நம் பிள்ளைகள் நிறையப் பேர் புகார் எழுதாமல் இருப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, ஆங்கிலத்தில் தப்பாக எழுதிவிட்டால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம். தொண்ணூறுகளிலிருந்து இ2எஃப்எஸ்புரோக்ஸைப் பராமரித்துவரும் தியடோர் ட்ஸோவோ, எக்ஸ்ட்4-இல் வேலை செய்யும் மற்றவர்களோ உங்கள் இலக்கணத்தைத் திருத்த உட்காரவில்லை. அவர்களுக்கு வேண்டியது, எந்தப் பதிப்பு, என்ன கட்டளை கொடுத்தீர்கள், கருவி சொன்னது எழுத்து மாறாமல், அப்புறம் இமேஜ். முதல் மூன்றும் கம்ப்யூட்டர் சொன்னதை ஒட்டுவதுதான், நான்காவதற்கு மொழியே கிடையாது. உங்கள் சொந்த வாக்கியம் நாலு வரி வந்தால் போதும். அந்த நாலு வரியை எழுதுவதற்குக் குழுவில் ஒருவர் துணை நின்றால் தயக்கம் போய்விடும், அந்த ஒருவர் யார் என்பதை ஒவ்வொரு குழுவும் முடிவு செய்து பெயரை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நினைவகத்துக்கு வெளியே எழுதும் வகைப் பிழை என்று தெரிந்தால் மட்டும், பொதுவில் போடும் முன்பு பராமரிப்பாளருக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.

உங்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? எல்லோரும் தங்கள் ரெஸ்க்யூ பென்டிரைவைக் கொண்டுவரட்டும். அதில் பூட் செய்து இ2எஃப்எஸ்சிகே எந்தப் பதிப்பு என்று பெரிய வி போட்டுக் கேளுங்கள், 1.47-க்குக் கீழே இருப்பவற்றை அங்கேயே அழித்துப் புதிதாக எழுதிக்கொடுங்கள். மீதி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரு குட்டி இமேஜை உருவாக்கி, கெடுத்து, இ2இமேஜில் நகலெடுத்து, பிறகு சரிசெய்து பார்க்கட்டும். அழைத்தால் நானும் வருகிறேன், காலி இலை உள்ள இமேஜ் ஒன்றைத் தயார் செய்து கொண்டுவருகிறேன், பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓட்டிப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்